பழைய லாஸ் வேகாஸ் போஸ்ட்கார்டின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி

என் அப்பா பினாங்கில் டாக்சி ஓட்டினார். வியட்நாம் சண்டை நடந்த காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் சில நாள் ஓய்வுக்காக இங்கே வந்து இறங்குவார்கள். பத்து ஃபிரிங்கி கடற்கரைக்கும் ஊருக்கும் அவர்களை ஏற்றி இறக்கியதில், ஒருவன் அப்பாவுக்கு ஒரு போஸ்ட்கார்டு கொடுத்துவிட்டுப் போனான். ராத்திரித் தெரு. இரண்டு பக்கமும் கொட்டிக் கிடக்கிற விளக்குகள். நடுவே படகு படகாகக் கார்கள். இடது பக்கக் கட்டடத்தின் விளக்குப் பலகையில் 1905 என்ற எண். அப்பா அதைக் காரின் வெயில் மறைப்பில் செருகி வைத்திருந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. 1905-லேயே அமெரிக்காவில் இவ்வளவு பெரிய கார் ஓடியது என்று வகுப்பில் சொல்லி, டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தத் தெரு லாஸ் வேகாஸின் ஃப்ரீமான்ட் தெரு. அந்தப் பலகை கோல்டன் நக்கெட் என்ற சூதாட்டக் கூடத்துடையது. கூடம் திறந்தது 1946-இல். அப்புறம் ஏன் 1905? ரயில் கம்பெனி பாலைவனத்தில் மனை பிரித்து ஏலம் விட்டு, அந்த ஊர் பிறந்த வருடம் அது. பலகை சொன்னது கடையின் வயதை அல்ல, ஊரின் வயதை. இந்தச் சின்ன விஷயம் தெரிய எனக்கு முப்பது வருடம் பிடித்தது.

தபால் நிலையக் கவுண்டரில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஞாயிறு காலையில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குப் போய் போஸ்ட்கார்டு பொறுக்குவது என் பழக்கம். மற்றவர்கள் பழைய பினாங்குக் கார்டுக்கு அடித்துக்கொள்வார்கள். அதன் விலை இப்போது நம் கைக்கு எட்டாது. நான் தேடுவது லாஸ் வேகாஸ், அதிலும் 1940-களின் கடைசியிலிருந்து 60-களின் தொடக்கம் வரை. அந்த ஊருக்கு நான் போனதில்லை. நம் நாட்டுச் சூதாட்ட மலையான கெந்திங்குக்கு ஒரு தடவை போனேன், குளிர் தாங்காமல் மதியமே பஸ் ஏறிவிட்டேன். ஆனாலும் சந்தையில் யாராவது ஒரு கார்டை நீட்டி, “அக்கா, இது எந்த வருசம்?” என்றால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். எப்படிச் சொல்கிறேன் என்று பல பேர் கேட்டுவிட்டார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கார்டின் சரியான தேதியைத் தேடாதீர்கள். ஆட்டைக் கட்ட முளை அடிப்பதுபோல இரண்டு முளை அடியுங்கள். ஒன்று, இந்த வருடத்துக்கு முன்னால் இது இருந்திருக்க முடியாது. இன்னொன்று, இந்த வருடத்துக்குப் பின்னால் இருந்திருக்க முடியாது. இரண்டு முளையும் எவ்வளவு நெருங்கி வருகிறதோ அவ்வளவு நல்லது. படம் எடுத்தது ஒரு வருடம், அச்சடித்தது இன்னொரு வருடம், தபாலில் போட்டது வேறொரு வருடம் என்பதையும் மறக்காதீர்கள். ஹோட்டல் அலமாரியில் கிடந்த கார்டைப் பத்து வருடம் கழித்து எழுதிப் போட்டவர்களும் உண்டு.

பின்பக்கம்

எல்லாரும் படத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் கார்டைத் திருப்புங்கள். நான் இதைச் சொல்வதற்குக் காரணம் தொழில் அபிமானம் மட்டும் அல்ல. ஒரு தடவை கோலாலம்பூரில் ஒரு கடையில் சாண்ட்ஸ் ஹோட்டல் கார்டு ஒன்றை 90 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். “1953, அசல்” என்றார் கடைக்காரர். தாழ்வான கட்டடம், நீச்சல் குளம், அந்தக் காலத்துத் தொப்பி போட்ட பெண்கள். மனம் குளிர்ந்து வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால், ஹோட்டல் முகவரிக்குப் பக்கத்தில் 89 என்று தொடங்கும் ஐந்து இலக்க எண். அமெரிக்காவில் ஜிப் கோடு என்கிற அஞ்சல் குறியீடு வந்ததே 1963 ஜூலையில்தான். பழைய படத்தைப் பிற்பாடு மறுபடி அடித்த கார்டு அது. 31 வருடம் கடிதத்தின் முகவரி பார்த்தே சோறு தின்றவள் முகவரியைப் பார்க்காமல் காசைக் கொடுத்தேன். என் மகன் இன்னும் இதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

ஆகவே ஐந்து இலக்கம் அச்சில் இருந்தால் 1963-க்குப் பின் என்று முளை அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதற்கு முன் என்று உடனே நம்பிவிடவும் வேண்டாம். பழைய அச்சுத் தகட்டையே கொஞ்ச காலம் ஓட்டியிருப்பார்கள்.

அப்புறம் ஸ்டாம்பு. அமெரிக்காவுக்குள் ஒரு போஸ்ட்கார்டு அனுப்ப 1951 கடைசி வரைக்கும் ஒரு சென்ட். 1952 தொடக்கத்தில் இரண்டானது. 1958 ஆகஸ்டில் மூன்று. 1963 ஜனவரியில் நான்கு. 1968 ஜனவரியில் ஐந்து. இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பணப்பைக்குள் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சாப்பு, அதாவது தபால் முத்திரை, அழிந்துபோன கார்டில்கூட ஸ்டாம்பின் மதிப்பு பேசும். வெளிநாட்டுக்கு வந்த கார்டுகளுக்குக் கட்டணம் வேறு, அவற்றுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். இரண்டு சென்ட் கட்டணக் காலத்தில் மூன்று சென்ட் ஒட்டியவர்களும் இருப்பார்கள், கையில் இருந்ததை ஒட்டுவது மனித சுபாவம். ஆனால் குறைவாக ஒட்டினால் தபால்காரர் விடமாட்டார். ஆக, ஸ்டாம்பின் தொகை குறைவாக இருந்தால் அது உறுதியான சாட்சி. கூடுதலாக இருந்தால் சந்தேகத்தோடு கேட்டுக்கொள்ள வேண்டிய சாட்சி.

சாப்பில் வருடம் தெளிவாகத் தெரிந்தால் நல்லது. பூதக்கண்ணாடியும், ஓரத்திலிருந்து சாய்த்துப் பிடித்த கைவிளக்கும் போதும். நேராக அடிக்கிற வெளிச்சத்தில் மறைகிற எழுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும்.

காகிதத்தைத் தடவியும் பாருங்கள். துணி நெய்ததுபோலச் சொரசொரப்பாக, நிறங்கள் மிட்டாய்போல இருந்தால் அது லினன் கார்டு. 1930-களிலும் 40-களிலும் அதுதான் ராஜா, 50-களின் முற்பகுதி வரைகூட வந்தது. வழுவழுப்பாக, புகைப்படம் மாதிரியே இருந்தால் அடுத்த தலைமுறை. லினன் கார்டில் இன்னொரு வசதி உண்டு. சிக்காகோவின் கர்ட் டைக் கம்பெனி அடித்ததாக இருந்தால் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். முதலில் ஓர் எண், பிறகு ஓர் ஆங்கில எழுத்து. ஏ என்றால் 1930-கள், பி என்றால் 40-கள், சி என்றால் 50-கள். எண் அந்தப் பத்தாண்டுக்குள் எத்தனையாவது வருடம் என்று சொல்லும். 7 என்ற எண்ணும் பி-யும் சேர்ந்து வந்தால் 1947. அச்சகத்துக்காரர்கள் தங்கள் வசதிக்குப் போட்டுக்கொண்ட கணக்கு எனக்குச் சோறு போடுகிறது.

பின்பக்கத்தில் கையெழுத்து இருந்தால் விலை குறைத்துக் கேளுங்கள், வியாபாரிகள் அதை அழுக்கு என்று நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் சர்க்கரை. என்னிடம் இருக்கும் ஒரு கார்டில் ஒரு பெண் தன் அக்காவுக்கு எழுதியிருக்கிறாள்: 28 நாள் முடிந்தது, இன்னும் 14 நாள். வேறொன்றும் இல்லை. 28-உம் 14-உம் 42, அதாவது ஆறு வாரம். நெவாடா மாநிலத்தில் 1931-இல் சூதாட்டத்தைச் சட்டமாக்கிய அதே காலத்தில், ஆறு வாரம் குடியிருந்தால் விவாகரத்து வழக்குப் போடலாம் என்றும் ஆக்கினார்கள். மற்ற மாநிலங்களில் வருடக் கணக்கில் இழுக்கிற விஷயம் இங்கே 42 நாளில் முடிந்தது. அதற்காகவே பெண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பண்ணை விடுதிகளில் நாளை எண்ணினார்கள். கார்டின் முன்பக்கத்தில் பார்த்தால் சிரிக்கிற குதிரைக்காரன் படம். கல்யாணமும் அப்படித்தான், காத்திருக்கும் நாள் கிடையாது, ரத்தப் பரிசோதனை கிடையாது. உரிமத்தை வாங்கிக்கொண்டு நேரே தெருவோரக் கல்யாணக் கோயிலுக்குப் போய்விடலாம். அந்தக் குட்டித் தேவாலயங்களின் கார்டுகளும் மலிவாகவே கிடைக்கும்.

முன்பக்கம்

இரண்டு இடத்தை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஃப்ரீமான்ட் தெரு என்பது பழைய ஊர், அந்தக் காலத்தில் ரயில் நிலையத்துக்கு எதிரே தொடங்கியது. ஸ்ட்ரிப் என்பது அப்போது லாஸ் ஏஞ்சலஸ் போன 91-ஆம் நெடுஞ்சாலை, ஊர் எல்லைக்கு வெளியே இருப்பது. மணல் வெட்டவெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டைக் கட்டடங்கள் தெரிந்தால் ஸ்ட்ரிப். கடைக்குக் கடை ஒட்டி, தலைக்கு மேல் பலகைகள் முட்டி மோதினால் ஃப்ரீமான்ட். நம் ஊரோடு ஒப்பிட்டால், கடைவரிசை நெருங்கிக் கிடக்கிற லிட்டில் இந்தியாவும், ஹோட்டலுக்கு ஹோட்டல் இடைவெளி விட்ட பத்து ஃபிரிங்கி சாலையும் மாதிரி.

ஸ்ட்ரிப் கார்டு என்றால் ஹோட்டல் பெயரே பாதி விடை. வரிசையை நான் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்திருக்கிறேன். எல் ரான்ச்சோ வேகாஸ் 1941, லாஸ்ட் ஃப்ரண்டியர் 1942, ஃபிளமிங்கோ 1946 டிசம்பர், தண்டர்பேர்ட் 1948, டெசர்ட் இன் 1950, சகாராவும் சாண்ட்ஸும் 1952, ரிவியேராவும் டூன்ஸும் 1955, ஹசியெண்டா 1956, டிராப்பிக்கானா 1957, ஸ்டார்டஸ்ட் 1958. பெயர் இருந்தால் அந்த வருடத்துக்கு முன் இல்லை, முதல் முளை அடித்தாயிற்று.

இரண்டாவது முளைக்குக் கட்டடத்தைப் படிக்க வேண்டும். எல் ரான்ச்சோவின் அடையாளம் காற்றாலை. 1960 ஜூனில் அது எரிந்து போனது, ஆகவே காற்றாலை தெரிகிற படம் 1941-க்கும் 60-க்கும் நடுவே. ஃபிளமிங்கோ இன்னும் எளிது. 1953-இல் அதன் முன்னால் ஷாம்பேன் கோபுரம் என்று உயரமான உருளை ஒன்றை எழுப்பி, குமிழிகள் மேலே போவது மாதிரி விளக்கு எரியவிட்டார்கள். கோபுரம் இருந்தால் 53-க்குப் பின். டூன்ஸ் வாசலுக்கு மேலே கையை இடுப்பில் வைத்த சுல்தான் சிலை நின்றால் அது தொடக்க காலம். லோரோங் கூலிட்டில் இந்தக் கார்டைப் பார்த்த மலாய்க்கார வியாபாரி, இது எந்த மாநிலத்துச் சுல்தான் என்று கேட்டுவிட்டு விலையில் இரண்டு வெள்ளி குறைத்தார். சாண்ட்ஸில் உருண்டையான பெரிய கோபுரம் தெரிந்தால் 1960-களின் பிற்பகுதி, என் ஆர்வத்துக்கு வெளியே. மொத்தத்தில், ஸ்ட்ரிப்பில் உயரமான கட்டடமே இல்லையென்றால் 1955-க்கு முன் இருக்க வாய்ப்பு அதிகம். முதல் உயரக் கட்டடம் ரிவியேரா, அதற்கே ஒன்பது மாடிதான்.

‘வருக’ என்று வரவேற்கிற அந்தப் பிரபலமான வைர வடிவப் பலகை பெட்டி வில்லிஸ் என்ற பெண் வரைந்தது, நட்டது 1959-இல். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை, அதனால்தான் இன்று சாவிக்கொத்து முதல் டீ-சட்டை வரை எதில் பார்த்தாலும் அது இருக்கிறது. அந்தப் பலகை இருக்கிற கார்டை 1950-களின் தொடக்கம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஃப்ரீமான்ட் தெருவுக்கு ஆள் சாட்சியே இருக்கிறான். வாயில் சிகரெட்டோடு கையை ஆட்டுகிற கௌபாய் விளக்குப் பொம்மை, வேகாஸ் விக். பன்னிரண்டு மீட்டர் உயரம். பயனியர் கிளப் முன்னால் 1951-இல் நட்டார்கள். விக் இருந்தால் 51-க்குப் பின். ஹார்ஸ்ஷூ கிளப்பும் 51. பதினைந்து மாடி ஃப்ரீமான்ட் ஹோட்டல் 1956. இளஞ்சிவப்பு வளைவு விளக்கோடு மின்ட் சூதாட்டக் கூடம் 1957. தெருவின் கோடியில் யூனியன் பசிபிக் ரயில் நிலையம் தெரிந்தால் 1971-க்கு முன், அந்த வருடம் அங்கே ஒரு ஹோட்டல் எழும்பிவிட்டது. மின்ட்டுக்குப் பின்னால் உயரக் கோபுரம் தெரிந்தால் 1965 அல்லது அதற்குப் பின்.

கார்களைப் படிக்கத் தெரிந்தால் இன்னும் நெருங்கலாம். அப்பா புண்ணியத்தில் எனக்கு அது வரும். பின்பக்கத்துச் செதில் வருடா வருடம் வளர்ந்து 1959 கெடிலாக்கில் உச்சிக்குப் போனது. அதே வருடத்து ஷெவர்லேவின் செதில் வௌவால் இறக்கை மாதிரி படுத்து விரிந்திருக்கும், பின் விளக்கு பூனைக்கண். படத்தில் இருப்பதிலேயே புதிய காரைத் தேடுங்கள். பழைய கார் எந்த வருடத்திலும் ஓடும், புதிய கார் தன் வருடத்துக்கு முன்னால் ஓட முடியாது.

அணைக்கட்டுக் கார்டு கிடைத்தால் விளக்கக் குறிப்பைப் படியுங்கள். வேகாஸுக்கு வந்தவர்கள் எல்லாம் பக்கத்தில் இருக்கும் அந்த அணையையும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அரசியல் சண்டையில் அதன் பெயர் 1933-இல் பௌல்டர் அணை ஆனது, 1947-இல் சட்டம் போட்டு ஹூவர் அணை என்று மறுபடி மாற்றினார்கள். பௌல்டர் என்று இருந்தால் பெரும்பாலும் 47-க்கு முன்.

படம் சொல்லாதது

வயது கண்டுபிடித்த பிறகு பலர் கார்டை ஆல்பத்தில் போட்டு மூடிவிடுவார்கள். எனக்கு அங்கேதான் வேலை தொடங்கும். வருடம் தெரிந்தால், அந்த வருடத்தில் அந்தத் தெருவில் இருந்தும் படத்துக்குள் வராதவர்கள் யார் என்று கேட்கலாம்.

குளத்தைப் பாருங்கள். எந்த ஹோட்டல் கார்டானாலும் குளம் இருக்கும். வெளியே கோடையில் 40 பாகைக்கு மேல், வருடம் முழுக்கப் பெய்கிற மழை சுமார் நூறு மில்லிமீட்டர். நமக்கு இங்கே ஐப்பசியில் அது இரண்டு நாளில் வந்துவிடும். ஊர் குடித்தது நிலத்தடி ஊற்று நீரை. லாஸ் வேகாஸ் என்ற ஸ்பானியப் பெயருக்கே புல்வெளிகள் என்றுதான் அர்த்தம். அந்த ஊற்று 1962-இல் பொங்குவதை நிறுத்திவிட்டது. வீடுகளில் ஈரப் பஞ்சு வைத்த மின்விசிறிப் பெட்டிதான் குளிர்ச்சி. வறண்ட காற்றில் அது நன்றாக வேலை செய்யும். பினாங்கில் வைத்தால் சுவரில் பாசி பிடிப்பதுதான் மிச்சம்.

பிறகு, குளத்தில் இருப்பவர்களைப் பாருங்கள். எல்லாரும் வெள்ளைக்காரர்கள். 1950-களின் தொடக்கத்தில் கறுப்பினத்தவர் ஸ்ட்ரிப் ஹோட்டலில் தங்க முடியாது, மேசையில் உட்கார முடியாது. சாமி டேவிஸ் ஜூனியர், நாட் கிங் கோல் போன்றவர்கள் மேடையில் பாடி ஹோட்டலை நிரப்பினார்கள். அப்படிப் பாடிய கறுப்பினக் கலைஞர்கள் இரவில் தண்டவாளத்துக்கு அப்பால் வெஸ்ட்சைடில் வாடகை அறைக்குப் போய்ப் படுத்தார்கள். ஹோட்டலில் பாத்திரம் கழுவியவர்களும் படுக்கை விரித்தவர்களும் குடியிருந்த பகுதி அது. பல தெருக்களுக்குத் தார்கூட இல்லை. 1955 மே மாதம் எல்லா இனத்தவரும் நுழையலாம் என்று மூலான் ரூஜ் என்ற ஹோட்டல் வெஸ்ட்சைடில் திறந்தது. ஆடுகிற பெண்களும் கறுப்பினத்தவர். ஆறு மாதம்போல ஓடி, அந்த வருடம் முடிவதற்குள் மூடிவிட்டது. 1960 மார்ச்சில், பல் மருத்துவர் ஜேம்ஸ் மெக்மில்லன் தலைமையில் ஸ்ட்ரிப்பில் ஊர்வலம் போவோம் என்று சொன்ன பிறகுதான் ஹோட்டல்காரர்கள் இறங்கி வந்தார்கள். மூடிக் கிடந்த அதே மூலான் ரூஜில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டார்கள். ஆகவே மூலான் ரூஜ் கார்டு கண்ணில் பட்டால் பேரம் பேசாதீர்கள், வாங்கிவிடுங்கள். என்னிடம் இல்லை.

இன்னொன்று காளான் மேகம். ஊருக்கு வடமேற்கே சுமார் நூறு கிலோமீட்டரில் 1951 ஜனவரியிலிருந்து அணுகுண்டுச் சோதனை. தரைக்கு மேலே வெடித்தது 1962 வரை. ஆகவே படத்தில் மேகம் இருந்தால் அந்தப் பதினொரு வருடத்துக்குள். விடியலுக்கு முன் வெடிக்கும், அதைப் பார்க்க ஹோட்டல் மாடியில் விருந்து வைத்து விருந்தாளிகளை விழித்திருக்கச் செய்தார்கள். பொட்டலச் சாப்பாடு கட்டிக்கொண்டு மலைப்பக்கம் போனவர்களும் உண்டு. ஆரம்ப வெடிப்பில் ஊருக்குள் கடை ஜன்னல்கள் உடைந்தன. அந்தச் சாம்பல் காற்றோடு போய் விழுந்தது பக்கத்து யூட்டா மாநிலத்து ஊர்களில். அங்கே புற்றுநோய் வந்தவர்களுக்கு நஷ்டஈடு தர அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது 1990-இல். இதையெல்லாம் கார்டு எப்படிச் சொல்லும்? வானத்தில் அழகான வெள்ளை மேகம், கீழே நியான்.

பருத்தியால் செய்த காளான் மேகத்தை நீச்சல் உடையில் ஒட்டிக்கொண்டு கையை விரித்து நிற்கிற ஆட்டக்காரியின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஊரின் விளம்பரப் பிரிவுக்காக டான் இங்கிலிஷ் என்ற புகைப்படக்காரர் எடுத்தது, 1957 மே. இங்கே மெர்டேக்காவுக்கு, அதாவது நம் சுதந்திரத்துக்கு, மூன்று மாதம் இருந்தது. அது பத்திரிகைகளுக்கு அனுப்பிய படம். போஸ்ட்கார்டாக நான் பார்த்தவை எல்லாம் புது அச்சு, பத்து வெள்ளிக்கு மேல் கொடுக்காதீர்கள். சாண்ட்ஸ் குளத்தில் மிதக்கிற பகடை மேசையைச் சுற்றி நின்று ஆடுகிற படமும் அதே பிரிவின் வேலைதான். யாரும் தினமும் தண்ணீரில் நின்று பகடை உருட்டவில்லை.

உள்ளூர்க்காரர்கள் தெரிகிற கார்டு அபூர்வம். 1950-இல் ஊருக்குள் 24,624 பேர், 1960-இல் 64,405 பேர். இத்தனை பேருக்கும் பள்ளிக்கூடம் இருந்தது, துணி காயப்போட்ட கொடி இருந்தது. கார்டில் அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஹெல்டொராடோ ஊர்வலப் படத்தைத் தேடுங்கள். ஊரே கௌபாய் உடை போட்டுத் தெருவில் இறங்கும் திருவிழா. நம் தைப்பூசக் கூட்டம் மாதிரி, குழந்தைகள் தோள்மேல் உட்கார்ந்திருக்கும்.

வாங்குவதும் வைப்பதும்

வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். லாஸ் வேகாஸ் வேண்டும் என்று வாயைத் திறக்காதீர்கள், விலை உடனே ஏறும். “வெளிநாட்டுக் கார்டு இருக்கா?” என்று மொத்தமாகக் கேட்டு, பத்தை எடுத்து, நடுவில் வேகாஸைச் செருகிக் கொடுங்கள். சாதாரண ஹோட்டல் கார்டுக்கு ஐந்திலிருந்து பதினைந்து வெள்ளி நியாயம். ஹோட்டல்கள் அறையில் இலவசமாக வைத்த கார்டுகள் அவை, அள்ளி அள்ளி அடித்தார்கள்.

பினாங்கில் காகிதத்துக்கு இரண்டு எமன். ஒன்று ஈரம், இன்னொன்று ராமபாணப் பூச்சி. நான் பழைய பிஸ்கட் டின்னில் வைக்கிறேன், சப்பாத்துப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துப் போடுகிறேன். பிசுபிசுக்கிற மலிவு பிளாஸ்டிக் உறை வேண்டாம், மை அதில் ஒட்டிக்கொள்ளும். கோந்தும் செலோடேப்பும் கூடவே கூடாது. சந்தையில் பழக்கமான ஒரு தம்பி தன் தாத்தாவின் கார்டைக் கெட்டுப்போகாமல் இருக்க லேமினேட் பண்ணிக் கொண்டுவந்து காட்டினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

கடைசியாக அப்பாவின் கார்டை இதே முறையில் பார்த்துவிடுவோம். வழுவழு அச்சு, லினன் இல்லை. தபாலில் போகவில்லை, ஸ்டாம்பு இல்லை. முகவரியில் ஜிப் கோடு இல்லை. இடது பக்கம் கோல்டன் நக்கெட், அதற்கு அப்பால் கையாட்டும் விக், ஆக 1951-க்குப் பின். வலது பக்கம் இளஞ்சிவப்பு வளைவு, ஆக 57-க்குப் பின். பின்னால் மின்ட் கோபுரம் இல்லை, 65-க்கு முன். கோடியில் ரயில் நிலையம், ஒத்துப்போகிறது. நடுத்தெருவில் பூனைக்கண் விளக்கோடு ஒரு ஷெவர்லே, ஆக 59-க்கு முன்னால் இல்லை. 1959-க்கும் 65-க்கும் நடுவில், நான் 1960 என்று டின்னில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்தச் சிப்பாய் கொடுத்தது 1967-இல். ஊரைவிட்டு வரும்போதே கையில் எடுத்து வந்திருப்பான்.

முகவரி எழுதும் இடத்தில் அப்பாவின் பென்சில் எழுத்து. மூன்று குதிரைப் பெயர், ஒன்றின் பக்கத்தில் சரி என்று ஒரு கோடு, இரண்டின் பக்கத்தில் அடித்தல். கீழே ஒரு கூட்டல் கணக்கு. அதை ரப்பர் வைத்து அழித்தால் நல்ல விலை போகும் என்று போன மாதம்கூட ஒரு தவுக்கே (கடை முதலாளி) சொன்னார். நான் டின்னை மூடிவிட்டேன்.